நாற்பத்தாறு பல் சக்கரம்

வேகமாகச் சுற்றுகிற கருவி துல்லியமாக வெட்டும் என்று நான் நம்பியிருந்தேன். மில் பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் ஃபிட்டராகக் குப்பை கொட்டிய பிறகும் நம்பினேன். பேனா பிடிப்பதுபோல் பிடித்து வேலை செய்கிற சின்ன கிரைண்டர் ஒன்று வருகிறதே, ரோட்டரி டூல், அதன் பெட்டியில் நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று என்று போட்டிருந்தது. அதைப் படித்ததும், இதை லேத்தில் கட்டிவிட்டால் வேலை தானாக நடக்கும், நாம் பக்கத்தில் நின்று டீ குடித்தால் போதும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சின்ன லேத் வாங்கிப் புதிதாகக் கடை போட்டிருக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே, உங்களில் பாதிப் பேர் இப்போது அதே பெட்டியைப் போனில் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வாங்குங்கள், நல்ல சாமான்தான். எப்படிப் பூட்டுவது, எந்தப் பிளேடு போடுவது என்பதற்கெல்லாம் வீடியோ இருக்கிறது. கை நடுங்கும்போது என்ன செய்வது என்று மட்டும் யாரும் வீடியோ போடுவதில்லை. அந்தத் துறையில் எனக்கு அனுபவம் அதிகம். கடையை விட்டு ஒரு வருடம் ஆகிறது, கண்ணும் மங்கிவிட்டது. நடுங்கியது மட்டும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டில் ஒற்றை ஷட்டர் கடை என்னுடையது. மேஜை மேல் வைக்கிற லேத் ஒன்று, டிரில் ஒன்று, ஸ்டூல் ஒன்று. வலது பக்கத்தில் பாவுக்கு, அதாவது தறியில் ஏற்றுகிற நீள நூலுக்கு, கஞ்சி போடுகிற இடம். காலண்டர் ஒட்ட, லேபிள் ஒட்ட, ஜன்னல் ஓட்டையில் பேப்பர் ஒட்ட, எதற்கும் நான் பசை வாங்கியதில்லை. டம்ளரை நீட்டினால் சூடாகக் கஞ்சி ஊற்றுவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை ரேணுகா வந்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு விசைத்தறி வைத்து ஒற்றை ஆளாக ஓட்டுகிறவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். கோபம் வந்தால் வீட்டுப் பாஷைக்குப் போய்விடுவார். எனக்கு அது புரியாது, அதனால் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை. கைப்பையைத் திறந்து இரண்டு துண்டாக உடைந்த ஒரு சக்கரத்தை மேஜையில் வைத்தார். விளிம்பு முழுக்கச் சாய்ந்த பற்கள். தறியில் ஒவ்வொரு ஊடை, அதாவது குறுக்கு நூல், விழும்போதும் ஒரு கொக்கி இந்தச் சக்கரத்தில் ஒரு பல்லை இழுக்கும், நெய்த துணி அந்த அளவு சுருண்டு உள்ளே போகும். அவ்வளவுதான் இதன் வேலை.

"நாப்பத்தேழு பல்லு அண்ணே. கடையில அம்பதுதான் இருக்கு. மதுரை வரைக்கும் கேட்டாச்சு, பழைய தறிக்கு இப்ப யாரும் இது போடுறதில்லையாம்."

"மூணு பல்லுதானம்மா. கூட இருந்துட்டுப் போகட்டுமே."

"பாதிப் பாவு நெய்ஞ்சாச்சு. இப்ப அம்பதப் போட்டா அந்த இடத்துலருந்து ஊடை நெருங்கி வேற துணியாத் தெரியும். நீங்க பாதி மீசைய ஒரு மாதிரியும் மீதிய ஒரு மாதிரியும் வச்சுக்கிட்டு பஸ்ஸுல ஏறுவீகளா?"

எனக்கு மீசையே கிடையாது. ஆனாலும் விஷயம் புரிந்தது.

"எப்ப வேணும்?"

"வெள்ளிக்கெழம சாயங்காலம். சனிக்கெழம காலையில எங்க வீட்டுக்காரரோட அண்ணன் வாராரு, வீரசோழன்லருந்து பழைய இரும்பு எடுக்குறவரக் கூட்டிக்கிட்டு."

"எதுக்கு?"

"தறிய எடைக்குப் போட. எங்க வீட்டுக்காரரு கோயம்புத்தூர்ப் பக்கம் வேலைக்குப் போயிட்டாரு. ஒத்தத் தறிய வச்சுக்கிட்டு நீ என்ன செய்யப் போற, எடத்த காலி பண்ணுனா வண்டியாச்சும் நிப்பாட்டலாம்ங்குறாக பெரியவுக. நானும் சொல்லிப்புட்டேன், சனிக்கெழம காலையில ஓடலைன்னா நீங்களே தூக்கிட்டுப் போங்கன்னு."

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"கோவத்துல."

பல் வெட்டுகிற பெரிய மெஷின் என்னிடம் இல்லை, நம் ஊரில் இருந்த இடத்திலும் பத்து நாள் வரிசை. முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அன்று காலையில்தான் அந்த முப்பதாயிரம் சுற்றுப் பெட்டியைப் பிரித்திருந்தேன். புது மாப்பிள்ளைக்கு எல்லாம் முடியும். "வெள்ளிக்கிழமை வந்து வாங்கிட்டுப் போ" என்றேன்.

என் யோசனை அடிப்படையில் தப்பில்லை. லேத்தின் சுழலும் பிடியான 'சக்'கில் இரும்புத் தகட்டைப் பிடித்து வட்டமாகக் கடைந்துகொள்வது. பிறகு லேத்தை ஓட்டாமல் நிறுத்தி, வெட்டுக்கருவி பூட்டுகிற டூல் போஸ்டில் ரோட்டரி டூலைக் கட்டி, அதில் சின்ன வெட்டுத்தகட்டைப் பூட்டி, அது மட்டும் சுற்றச் சுற்ற லேத்தின் கைப்பிடியால் முன்னே தள்ளிப் பல் பல்லாக வெட்டுவது. ஒரு பல் முடிந்ததும் சக்கை ஒரு பல் அளவு திருப்பி மறுபடியும் பூட்டுவது. இதைத்தான் இன்றும் செய்கிறார்கள், நீங்களும் செய்வீர்கள்.

கட்டிய விதத்தில்தான் என் புத்தி வேலை செய்தது. ரோட்டரி டூலின் உடம்பு பிளாஸ்டிக். இரும்பில் வைத்து இறுக்கினால் நசுங்கும் என்று பயந்து, சைக்கிள் டியூபைச் சுற்றி, அதன்மேல் தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற கிளிப் இரண்டைப் போட்டு, நடுவயிற்றில் இறுக்கினேன். ரப்பர் அதிர்வைக் குடித்துக்கொள்ளும் என்று எனக்கு நானே பாடமும் எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மத்தியானம் வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க ரேணுகா வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பார்க்க ஆள் இருந்தால் நமக்குத் தைரியம் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும். வேகத்தை முழுசாகத் திருப்பி வைத்தேன். கருவி கொசுக் கூட்டம்போல் பாடியது. கைப்பிடியைத் தள்ளினேன். தகடு இரும்பைத் தொட்டதும் கருவி ரப்பருக்குள் நெளிந்து தலையைத் திருப்பியது. வெட்டுத்தகடு பக்கவாட்டில் மாட்டி, டப்பென்று உடைந்து, ஒரு துண்டு என் காதோரமாகப் போய் ஷட்டரில் அடித்தது.

அடுத்த அரை நிமிடம் நடந்ததை எனக்கு ரேணுகாதான் பிறகு சொன்னார். நான் மேஜைக்கு அடியில் இருந்தேன். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு போச்சு, கண்ணு போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். கண்ணாடி போட்டிருந்தேன், கண் இரண்டும் பத்திரமாக இருந்தன, ஆனால் இறுக மூடியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. மேலே ரோட்டரி டூல் கிளிப்பிலிருந்து பாதி நழுவி, பிடிபட்ட மீன்போல் துள்ளிக்கொண்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ரேணுகா எழுந்து போய்ச் சுவரில் சுவிட்சை அணைத்தார். பிறகு குனிந்து பார்த்தார்.

"அண்ணே, தறியில நூலு அறுந்தா நாங்க மொதல்ல தறிய நிப்பாட்டுவோம். நீங்க மொதல்ல ஓடுறீக."

"ஓடலம்மா. துண்டு எங்கயாச்சும் சிதறிக் கெடக்கான்னு தேடுறேன்."

"கண்ண மூடிக்கிட்டா?"

இதைச் சிரிப்பதற்காகத்தான் எழுதினேன். ஆனால் உங்களில் ஒருவர் கடையிலாவது நாளைக்கு இது நடக்கும். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வேலை தொடங்கும் முன்பே கையால் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். பயந்த மனிதனின் கை, பழகிய இடத்துக்குத்தான் போகும். என் கை தலைக்குப் பழகியிருந்தது, அவருடைய கை சுவிட்சுக்குப் பழகியிருந்தது.

சாயங்காலம் பயம் தெளிந்தபின் கருவியை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தேன். ஆடியது. விரலுக்கு ஆடுகிறது இரும்புக்கு ஆடாதா? முப்பதாயிரம் முறை சுற்றினால் முப்பதாயிரம் முறை தப்பாக வெட்டும், வேறொன்றும் இல்லை. பழைய பம்ப் ஒன்றிலிருந்து கிடைத்த அலுமினியக் கட்டையை டூல் போஸ்டில் பூட்டி, அதே லேத்தைக் கொண்டே அதில் துளை போட்டேன். கருவியின் மூக்கு, அதாவது தகட்டுக்கு மிக அருகில் இருக்கிற பகுதி, அந்தத் துளையில் சரியாக உட்கார்ந்தது. பக்கத்தில் ஒரு வெட்டு விட்டு ஒரு போல்ட் போட்டு இறுக்கி, கட்டையை நிமிர்த்தி வைத்தேன். வயிற்றைப் பிடிக்காதீர்கள், மூக்கைப் பிடியுங்கள். வேகத்தையும் பாதியாகக் குறைத்தேன். வெட்டும்போது பொடி பறந்து லேத்தின் தண்டவாளத்தில் உட்கார்ந்தால் அதைத் தின்றுவிடும், அதனால் பழைய கைலி ஒன்றை நனைத்து மேலே போர்த்தினேன். வியாழக்கிழமை காலையில் ஒரு பல் வெட்டிப் பார்த்தேன். வெண்ணெயில் கத்தி போனதுபோல் போகவில்லை, இரும்பில் எப்படிப் போக வேண்டுமோ அப்படி முனகிக்கொண்டு போனது. எனக்கு அது போதும்.

நாற்பத்தேழாகப் பிரிப்பதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். லேத்தின் பின்பக்கம் ஒரு மரவட்டைப் பூட்டி, நாற்பத்தேழு சென்டிமீட்டர் நீளப் பேப்பர் பட்டையின் இரண்டு முனையும் சரியாகச் சேரும்வரை அந்த வட்டைக் கடைந்தேன். பட்டையில் சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. சுற்றி ஒட்டினால் நாற்பத்தேழு கோடு, ஒரு கோட்டுக்கு ஒரு பல். பக்கத்தில் கம்பி ஒன்றை நீட்டி, கோடு கம்பிக்கு நேராக வரும்போது சக்கை ஆப்பு வைத்து நிறுத்த வேண்டியதுதான்.

ஒட்டுவதற்கு டம்ளரை நீட்டினேன். கஞ்சி வந்தது. பட்டையில் தாராளமாகத் தடவி, ஊறட்டும் என்று வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய் வந்தேன். வட்டில் சுற்றியபோது முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின, கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். உலர்வாக வைத்துப் பார்த்தபோது சரியாகச் சேர்ந்த பட்டைதான். ஆனால் மனிதன் நின்று யோசிப்பது நேரம் நிறைய இருக்கும்போதுதான். வட்டைக் கொஞ்சம் அதிகமாகக் கடைந்துவிட்டோம் போல என்று நினைத்து, கத்தரிக்கோலை எடுத்து, மிஞ்சியதை நறுக்கினேன். முனைகள் அழகாகச் சேர்ந்தன.

மாலை வரை வெட்டினேன். ஒரு பல்லுக்கு இரண்டு வெட்டு, ஒன்று நேராக, ஒன்று சாய்வாக. எண்ணவில்லை. கோடு இருக்கிறதே, எதற்கு எண்ண வேண்டும்? முதல் பல்லுக்குத் திரும்பி வந்தபோது வெட்டு அதே பள்ளத்தில் மயிரிழை பிசகாமல் விழுந்தது. சக்கரத்தைக் கழற்றித் துடைத்துப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான சாமான் செய்ததில்லை. கோயில் தேருக்குப் போடலாம். பழைய சக்கரத்தின் துண்டுகளைச் சேர்த்து அதன்மேல் வைத்தேன். நாலைந்து பல் வரை பொருந்தியது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக விலக ஆரம்பித்தது.

எண்ணினேன். நாற்பத்தாறு.

மறுபடியும் எண்ணினேன். சாக்பீஸால் முதல் பல்லில் கோடு போட்டுவிட்டு எண்ணினேன். எதிர்ப்பக்கமாக எண்ணினேன், அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் ஒன்று கூடும் என்பதுபோல. அப்போதுதான் ரேணுகா உள்ளே வந்தார்.

"முடிஞ்சிருச்சாண்ணே?"

"முடிஞ்ச மாதிரிதான்" என்றேன்.

சக்கரத்தை அவர் கையில் எடுத்துக்கொண்டார். நான் டீ சொல்லியனுப்பினேன். அவர் டீ குடித்த நேரத்தில் என் மண்டைக்குள் ஒரு வக்கீல் எழுந்து வாதாடினான். ஒரு பல்தானே. நாற்பத்தேழில் ஒன்று. ஊடை கொஞ்சம் லேசாக விழும், யாருக்குத் தெரியப் போகிறது? அம்பதுக்கு இது எவ்வளவோ தேவலை. சனிக்கிழமை தறி ஓடும், அதுதானே வேண்டும்? வக்கீல் பேசப் பேச நான் மதுரை பஸ்ஸில் கண்டக்டரும் ஆடும் சண்டை போட்ட கதையை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே சிரிப்பு வராத கதை. அவர் கட்டைவிரல் நகத்தால் சக்கரத்தின் விளிம்பை இரண்டிரண்டாகத் தள்ளிக்கொண்டே கேட்டார். நூல் எண்ணுகிற கை.

கதை முடிந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாப்பத்தாறு."

நான் காலி டம்ளரை எடுத்துத் துடைத்தேன்.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியும். எப்பச் சொல்வீகன்னு பாத்துக்கிட்டு இருக்கேன். ஆட்டுக்கு டிக்கெட்டு வாங்குறவரைக்கும் வந்துட்டீக, இன்னும் சொல்லக் காணோம்."

"சொல்லணும்னுதாம்மா தொண்ட வரைக்கும் வந்துச்சு."

"பெரியவுக துணிய வெரல்ல தொட்டே சொல்லிருவாக. இதப் போட்டுக் கோடு விழுந்துச்சுன்னா, 'தறியும் பழசு, நெய்யவும் தெரியல'ம்பாக. ஒடஞ்ச தறிய வச்சு நிக்கலாம்ணே. கெட்ட துணிய வச்சு நிக்க முடியாது."

அதன்பிறகு வீட்டுப் பாஷையில் நாலு வார்த்தை சொன்னார். புரியவில்லை. அந்த ஒரு தடவைதான், புரியாமலே வலித்தது.

எங்கே தப்பு என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. அளவு சரி, வட்டு சரி, கோடு சரி. தேர்வில் தோற்ற பையன்போல் மரவட்டைத் தூக்கிக் காட்டினேன். அவர் பட்டையை முகர்ந்து பார்த்தார்.

"எதுல ஒட்டுனீக?"

"கஞ்சியில."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

"கஞ்சி குடிச்சா நூலே நீளும். இழுத்துக் காய வைக்கத்தான் பக்கத்துல அவ்வளவு பெரிய மெஷினு போட்டுருக்காக. நீங்க பேப்பருக்கு ஊத்தி ஊற வேற வச்சிருக்கீக. நீளாம என்ன செய்யும்?"

நாற்பத்தேழு சென்டிமீட்டர் பேப்பர் நனைந்து ஒரு சென்டிமீட்டர் நீண்டிருக்கிறது. நீண்டதை நான் வெட்டி எறிந்திருக்கிறேன், சரியாக ஒரு பல்லை. எத்தனையோ வருடமாகக் கஞ்சி வாசத்திலேயே கடை வைத்திருந்தவன். மழைத்தண்ணீரில் நனைந்திருந்தால்கூட யோசித்திருப்பேன். கஞ்சி என்றால் பசை, அதற்குமேல் என் மூளை போகவில்லை.

தம்பிகளே, இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை சேராதபோது அது எனக்குத் தகவல் சொன்னது. நான் தகவலைக் கத்தரித்தேன். அளந்தபோது ஒரு மாதிரியும் பூட்டும்போது வேறு மாதிரியும் இருந்தால், கத்தரிக்கோலை எடுக்கும் முன் ஏன் என்று கேளுங்கள். வேலை முடிந்த பிறகு அதே கேள்வியை வாடிக்கையாளர் கேட்பார், அவர் கேட்கும் விதம் அவ்வளவு நன்றாக இருக்காது.

வியாழக்கிழமை ராத்திரி ஒன்றும் செய்யவில்லை, தூங்கினேன். பதற்றத்தோடு இயந்திரத்தைத் தொடக்கூடாது என்று சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். பதற்றத்தில் எனக்குத் தூக்கம் நன்றாக வரும், அதுதான் காரணம்.

வெள்ளிக்கிழமை காலையில் என் புது இரும்பு டேப்பை எடுத்தேன். அளவு நாடாதான், ஆனால் நனைந்தாலும் நீளாது. அதன் முனையில் இருக்கும் கொக்கி ஆடும், அதனால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, பத்தாவது சென்டிமீட்டரிலிருந்து ஐம்பத்தேழாவது வரை வெட்டினேன். பேப்பரைச் சுரண்டி எடுத்து அதே மரவட்டில் சுற்றினேன். முனைகள் சரியாகச் சேர்ந்தன. சின்ன ஆணி நாலு அடித்தேன். புதுத் தகடு ஒன்றை வட்டமாகக் கடைந்து சக்கில் பிடித்தேன். வெட்டத் தொடங்கும் முன் ஒவ்வொரு கோட்டையும் கம்பிக்கு நேராகக் கொண்டுவந்து வாய்விட்டு எண்ணினேன். நாற்பத்தேழு. ரோட்டில் போனவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். மறுபடியும் எண்ணினேன்.

மத்தியானம் வெட்டுத்தகடு ஒன்று தேய்ந்து சின்னதானது, மாற்றினேன். நாலு மணிக்குக் கரண்ட் போனது, முக்கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறரைக்கு முடிந்தது. ரேணுகா வந்து ஸ்டூலில் உட்காராமல், நின்றபடியே நகத்தால் எண்ணினார். இரண்டு சுற்று எண்ணினார். பழைய துண்டுகளை மேலே வைத்துச் சுற்றிலும் பார்த்தார். கைப்பையில் போட்டுக்கொண்டு, "வாரேண்ணே" என்றார். நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டிய நிலையில் நானும் இல்லை.

சனிக்கிழமை காலையில் அவருடைய தறிக்கூடத்துக்குப் போயிருக்க வேண்டும். சக்கரம் செய்தவன் பக்கத்தில் நின்றால், ஏதாவது பிசிறு இருந்தால் அரம் போட்டுக் கொடுக்கலாம். அது என் கடமை. விடியற்காலை ஐந்து மணிக்கு எனக்கு ஒரு எண்ணம் வந்தது. சக்கரத்தின் நடுத்துளை சரியாக இருக்கிறதா? பல் நுனி கொக்கிக்கு உயரமாக இருந்தால்? கொக்கி நழுவினால்? பழைய இரும்பு எடுக்கிறவர் வண்டியோடு வாசலில் நிற்க, பெரியவர் என்னைப் பார்த்து, "நீங்கதான் அந்த சக்கரம் செஞ்சவரா?" என்று கேட்டால்?

கடையில் ஆறு எம்எம் போல்ட் தீர்ந்துவிட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டு, காரியாபட்டிக்குப் பஸ் ஏறினேன். ஆறு எம்எம் போல்ட் எங்கள் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். பஸ்ஸில் ஏறியதும் போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டேன். காரியாபட்டியில் போல்ட் வாங்கினேன், இட்லி சாப்பிட்டேன், சந்தைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி எனக்குத் தேவையில்லாத ஒரு வெங்காயக் கூடையை விலை கேட்டேன். பதினொரு மணிவரைதான் தாங்க முடிந்தது.

ஊருக்குத் திரும்பிய பின் நடந்ததை எனக்குச் சொன்னவர் கஞ்சி போடுகிற கடைக்காரர். ரேணுகா ஏழரை மணிக்கே தறியை ஓட்டிவிட்டார். பெரியவர் ஒன்பது மணிக்கு வந்தார், பின்னால் வண்டி வந்தது. தெருமுனையிலேயே தறிச் சத்தம் கேட்டது. பெரியவர் மட்டும் இறங்கி உள்ளே போய், நெய்த துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பாவில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டார். ரேணுகா சொன்னார். பெரியவர் வெளியே வந்து வண்டிக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு, தானும் போய்விட்டார்.

நான் அணைத்து வைத்திருந்த போனைத் திறந்தேன். ஏகப்பட்ட அழைப்பு வந்து குவிந்திருக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. ரேணுகா என்னைக் கூப்பிடவே இல்லை. தறி ஓடிக்கொண்டிருந்தது, அவருக்கு வேலை இருந்தது.